தாய்க்குப் போடும் ஊசி

வங்கதேசத்தின் சாந்த்பூர் மாவட்டத்தில், மேக்னா ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் இருக்கிறது மத்லாப். மழைக்காலத்தில் ஊர் விட்டு ஊர் போகப் படகுதான். காலரா ஆராய்ச்சிக்காக 1960களில் அங்கே முகாமிட்ட விஞ்ஞானிகள், 1966 முதல் வீடு வீடாகப் போய்ப் பிறப்பையும் இறப்பையும் விடாமல் குறித்துவந்தார்கள். 1974இல் புதிதாக வந்த ஒரு காலரா தடுப்பூசியைச் சோதித்துப் பார்க்க அந்த ஊர்கள் தோதாக அமைந்தன. குழந்தைகளிலும் பெண்களிலும் ஒரு சாராருக்குக் காலரா ஊசி போட்டார்கள். இன்னொரு சாராருக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, டெட்டனஸையும் டிப்தீரியாவையும் தடுக்கும் ஊசி.

காலரா ஊசி பெரிதாகச் சோபிக்கவில்லை. சோதனை முடிந்தது, கணக்கும் முடிந்தது என்று மூட்டை கட்டியிருக்கலாம். ஆனால் பதிவேடு ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. 'ஒப்பீட்டு' ஊசி போட்டுக்கொண்ட தாய்மார்களின் சிசுக்களில், பிறந்த முதல் மாதச் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. குறைந்ததெல்லாம் பெரும்பாலும் 4ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில் நிகழும் சாவுகள். அந்த நாட்களில் சிசுக்களைக் கொண்டுபோவது டெட்டனஸ். யாரும் தேடாத விடை, வேறொரு கேள்விக்கான பதிவேட்டில் கிடைத்தது.

கதை அங்கே முடிந்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கு வேலை இல்லை. 1970களின் கடைசியில், அதே மத்லாபில், அதே ஊசியைக் கர்ப்பிணிகளுக்கு மட்டும் என்று அறிவித்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பலர் வேண்டாம் என்றார்கள். 'வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஊசியா' என்ற பயம். பிறகு, கர்ப்பமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளை பெறும் வயதில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் என்று திட்டத்தை மாற்ற வேண்டியிருந்தது. மருந்து அதேதான், ஊரும் அதேதான். யாருக்கு, எப்போது, என்ன சொல்லிப் போடுகிறார்கள் என்பது மட்டும் வேறு. டெட்டனஸ் தடுப்பூசியை ஒரு கர்ப்பிணி போட்டுக்கொள்வாளா மாட்டாளா என்று உலகம் முழுவதும் நடந்திருக்கும் ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம், மத்லாபின் இந்த இரண்டாம் பாகம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டியது.

நோயைப் பற்றிக் கொஞ்சம். நம் ஊரில் ரண ஜன்னி என்பார்கள், ஈழத்தில் ஏற்பு வலி. கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி என்ற பாக்டீரியா காற்றுப் படாத இடத்தில்தான் வளரும். காற்றுப் படும்போது வித்தாக ஒடுங்கி மண்ணில், சாணத்தில், துருவில் வருடக்கணக்கில் கிடக்கும். 1889இல் ஜப்பானியரான கிட்டசாட்டோ ஷிபாசாபுரோ அதைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். புண்ணுக்குள் போன வித்து முளைத்து ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு நரம்பு வழியாகவே தண்டுவடத்துக்கு ஏறி, தசைகளைத் தளரச் சொல்லும் சமிக்ஞையை நிறுத்திவிடுகிறது. இறுகு என்ற கட்டளை மட்டும் மிஞ்சுகிறது. முதலில் தாடை பூட்டிக்கொள்ளும். பிறகு முதுகு வில்லாக வளையும்.

சிசுவுக்கு அந்தப் புண் தொப்புள்கொடி. சுத்தமில்லாத பிளேடு, அரிவாள், வெட்டிய இடத்தில் அப்பும் சாம்பல், சாணம், நெய். பிறந்து இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ காம்பைப் பற்ற முடியாமல் தவிக்கும். வாய் திறக்காது. தொட்டால் விறைக்கும், கதவைச் சாத்தும் சத்தத்துக்கும் விறைக்கும். வைத்தியம் இல்லாவிட்டால் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் இறந்துவிடும். ஸ்காட்லாந்துக்கு அப்பால் உள்ள செயின்ட் கில்டா தீவில் 19ஆம் நூற்றாண்டில் இதற்கு எட்டாம் நாள் நோய் என்றே பெயர். அங்கே பெண்கள் பிள்ளைத் துணிகளைத் தயார் செய்யவே தயங்கினார்கள் என்று சொல்லப்படுவது உண்டு.

இந்தச் சாவுகளுக்குச் சத்தம் கிடையாது. வீட்டில் பிறந்து, பெயர் வைக்கும் முன்பே வீட்டில் இறந்து, வீட்டுக்குப் பின்னாலேயே புதைக்கப்பட்ட குழந்தைகள் எந்தப் பதிவேட்டிலும் வரவில்லை. கிராமம் கிராமமாகக் கேட்டுக் கணக்கெடுத்த பிறகே உண்மை அளவு தெரிந்தது. 1988இல் மட்டும் உலகில் 7,87,000 சிசுக்கள் டெட்டனஸால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 2018இல் அது சுமார் 25,000.

தடுப்பது எப்படி என்பது அதற்கு வெகு முன்பே தெரியும். 1920களில் பாரிஸில் காஸ்டோன் ராமோனின் வழியில், நஞ்சை ஃபார்மலின் கலந்து, சூடாக்கி, கொல்லும் குணத்தை மட்டும் எடுத்துவிட்டு ஊசியாக்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் எல்லோருக்கும் அதைப் போட்ட அமெரிக்க ராணுவத்தில் மொத்தம் பதிவான டெட்டனஸ் நோயாளிகள் 12 பேர். சிப்பாய்க்கு உத்தரவு போட்டால் போதும், வரிசையில் வந்து கையை நீட்டுவான். தாய்மார்களின் முறை வர இன்னும் காலம் ஆயிற்று. கர்ப்பிணிக்குப் போட்டால் சிசு தப்புமா என்பதை நியூ கினியின் மாப்ரிக் பகுதியில் ஸ்கோஃபீல்டும் சகாக்களும் சோதித்து 1961இல் வெளியிட்டார்கள். மூன்று தவணை முழுதும் போட்டுக்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு ரண ஜன்னி கிட்டத்தட்ட இல்லாமலே போயிருந்தது. அம்மாவின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது, முதல் சில வாரங்களுக்கு அது போதும். ஊசி ஒருத்தியின் கையில், பலன் இன்னொரு உயிருக்கு.

அம்மை, போலியோ போல இதில் அக்கம்பக்கத்தார் போட்டுக்கொண்டால் நமக்கும் பாதுகாப்பு என்ற சௌகரியம் கிடையாது. நோய் ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவதில்லை, மண்ணிலிருந்து வருகிறது. ஊரில் 99 பெண்கள் போட்டுக்கொண்டாலும் நூறாவது பெண்ணின் குழந்தைக்கு ஆபத்து ஒரு துளியும் குறையாது. எனவேதான் உலக சுகாதார நிறுவனம் இதற்கு வைத்திருக்கும் இலக்கு 'ஒழிப்பு' என்பதைவிடச் சற்று அடக்கமானது: ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிரசவத்துக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு. நாட்டின் சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரு மாவட்டம் பின்தங்கினால் தேறாது. ஆக, அந்த நூறாவது பெண் யார், அவள் ஏன் விடுபட்டாள் என்பதே கேள்வி.

எத்தியோப்பியாவில் இந்தக் கேள்வியை வைத்து ஆய்வு செய்யாத பல்கலைக்கழகம் இல்லை என்று சொல்லலாம், அத்தனை கட்டுரைகள். 2016ஆம் ஆண்டு தேசிய மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி, அங்கே கடைசிப் பிரசவத்தில் டெட்டனஸ் பாதுகாப்புப் பெற்றிருந்த பெண்கள் 49 சதவீதம். பயிற்சி பெற்றவரிடம் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு ஒரு முறையாவது போனவர்கள் 62 சதவீதம். மருத்துவ நிலையத்தில் பெற்றவர்கள் 26 சதவீதம்.

மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் படம் தெளிகிறது. முக்கால்வாசிப் பிரசவம் வீட்டில். அதாவது ஊசி யாருக்கு மிகவும் தேவையோ அவர்கள்தான் ஊசி இருக்கும் இடத்துக்கு வராதவர்கள். அதோடு, பரிசோதனைக்கு வந்தும் பாதுகாப்பு இல்லாமல் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். ஆய்வுக்கு ஆய்வு பட்டியல் கொஞ்சம் மாறும்: படிப்பு, வசதி, தூரம், கணவரின் ஒத்துழைப்பு, வீட்டில் வானொலி. ஆனால் பரிசோதனைக்கு எத்தனை முறை போனாள் என்பது மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. யாரும் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்வதற்கென்று வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. பரிசோதனைக்குப் போகிறாள், அங்கே ஊசியும் கிடைக்கிறது. போகாதவளிடம் 'ஊசி வேண்டுமா' என்று யாரும் கேட்டதே இல்லை. அவளை 'மறுத்தவள்' என்ற கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

ஏன் போகவில்லை? அதே ஆய்வின் கேள்வித்தாளில் ஒரு பகுதி உண்டு. உடம்பு சரியில்லாதபோது மருத்துவரிடம் போவதற்கு உங்களுக்கு எது பெரிய பிரச்சினை: போக அனுமதி வாங்குவதா, பணமா, தூரமா, தனியாகப் போகப் பிடிக்காததா? இந்த நான்கு கேள்விகளுக்குள் ஒரு பெண்ணின் உலகம் முழுக்க அடங்கியிருக்கிறது. படித்த பெண்கள் அதிகம் ஊசி போட்டுக்கொள்கிறார்கள் என்றால், பள்ளியில் நஞ்சைப் பற்றிப் பாடம் படித்தார்கள் என்பது காரணமில்லை. பேருந்தில் தனியாக ஏறத் தெரியும், அட்டையில் அடுத்த தேதி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தெரியும், நர்ஸ் கடுகடுத்தாலும் இன்னொரு முறை கேட்கத் தெரியும். பாகிஸ்தானின் கிராமங்களில் மாமியாரும் கணவரும் சரி என்று சொன்னால்தான் வாசல் தாண்ட முடியும் என்ற நிலையில், மருமகளுக்கு மட்டும் விழிப்புணர்வு வகுப்பு எடுத்து என்ன ஆகப்போகிறது?

இன்னொரு தாமதம் நம் வீடுகளிலும் தெரிந்ததுதான். 'மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியில சொல்லிக்கலாம்.' கண் படும், கலைந்துவிடும் என்ற பயத்தில் முதல் மாதங்களை மறைக்கும் வழக்கம் ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் பரவலாக இருக்கிறது. அந்தத் தாமதம் நீண்டு எட்டாம் மாதத்தில் முதல் தடவை வந்தால், முதல் ஊசிக்கும் இரண்டாவதுக்கும் நான்கு வார இடைவெளி, இரண்டாவதுக்கும் பிரசவத்துக்கும் குறைந்தது இரண்டு வாரம் என்ற கணக்கு இடிக்கும். இதில் ஒரு தற்செயலும் சேர்ந்துகொள்கிறது. தெரியவரும் கர்ப்பங்களில் சுமார் பத்தில் ஒன்று, எந்த ஊசியும் இல்லாமலே, பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் தானாகக் கலைகிறது. ஊசி போட்ட மறுவாரம் ஒருத்திக்கு அப்படி ஆகிவிட்டால் அந்தத் தெருவில் அடுத்த கர்ப்பிணியைச் சம்மதிக்க வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

நாலைந்து பெற்றவர்கள் குறைவாகப் போட்டுக்கொள்கிறார்கள் என்பதும் ஆய்வுகளில் அடிக்கடி வரும். பெற்றுப் பழகியவளுக்கு அசட்டை என்று ஆய்வாளர்கள் விளக்குவார்கள். ஓரளவு உண்மை. ஆனால் கணக்கு முறையிலும் ஒரு கோளாறு இருக்கிறது. முறையான இடைவெளியில் வாழ்நாளில் ஐந்து தவணை போட்டுக்கொண்டவளுக்குப் பிள்ளை பெறும் வயது முழுக்கப் பாதுகாப்பு உண்டு, ஆறாவது ஊசி தேவையில்லை. 'இந்தக் கர்ப்பத்தில் இரண்டு ஊசி போட்டாயா' என்று மட்டும் கேட்கும் பதிவேட்டில் அவளும் விடுபட்டவளாகவே தெரிவாள். அட்டை தொலைந்தவள் நினைவிலிருந்து சொல்கிறாள். 'பிறந்த குழந்தைக்கு வலிப்பு வராமல் இருக்கக் கையில் போடும் ஊசி' என்று விளக்கித்தான் ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். நான்கு வருடத்துக்கு முன் கையில் ஏறியது எந்த ஊசி என்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? எண்களைப் பார்க்கும்போது இந்தத் தள்ளுபடியையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது ஊசி எட்டாத பெண்களைப் பற்றி. ஊசி வாசல் வரை வந்தும் ஓடியவர்களின் கதை வேறு.

1990இல் கேமரூனில் டெட்டனஸ் தடுப்பூசிக் குழுக்கள் பள்ளிகளுக்குப் போனபோது, மாணவிகள் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினார்கள். பிள்ளை பிறக்காமல் செய்யும் ஊசி என்று பேச்சு பரவியிருந்தது. முகாமையே பாதியில் கைவிட வேண்டியதாயிற்று. மானிடவியலாளர் பமேலா ஃபெல்ட்மன்-சாவெல்ஸ்பெர்க்கும் சகாக்களும் பிற்பாடு அந்த வதந்தியின் வேரைத் தோண்டினார்கள். அறியாமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடாமல், ஏன் அந்த வருடம், ஏன் அந்தப் பேச்சு என்று கேட்டார்கள். காலனி ஆட்சிக் காலத்தில் கட்டாயமாகக் குத்தப்பட்ட ஊசிகளின் நினைவு இருந்தது. பொருளாதாரம் சரிந்து, ஜனநாயகம் கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. தலைநகரை நம்பாத பகுதிகள் இருந்தன. அதே சமயத்தில் அரசின் கருத்தடைக் கொள்கையும் மாறியது. அந்த நேரம் பார்த்து, அரசு வண்டி பள்ளிக்கு வந்து பெண்களுக்கு மட்டும் ஊசி என்கிறது. சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்த இந்தியாவின் எமர்ஜென்சியை அறிந்தவர்கள் கேமரூன் மாணவிகளைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

1990களின் நடுவில் இதே பேச்சு மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் என்று கடல் தாண்டியது. பிலிப்பைன்ஸில் 1995இல் நீதிமன்றத் தடை வரை போயிற்று. இந்த முறை வதந்திக்கு அறிவியல் சாயம் பூசப்பட்டிருந்தது: ஊசியில் ஹெச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் கலந்திருக்கிறது, அது கர்ப்பத்தை எதிர்க்க உடம்பைப் பழக்குகிறது என்பது குற்றச்சாட்டு. இதில் கடுகளவு உண்மை ஒளிந்திருப்பதுதான் சிக்கல். டெல்லியின் தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தில் ஜி.பி. தல்வார் குழுவினர், தற்காலிகக் கருத்தடைக்காக ஒரு தடுப்பூசியை உண்மையிலேயே உருவாக்கினார்கள். ஹெச்சிஜி ஹார்மோனின் ஒரு பகுதியை உடம்பு அந்நியமாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக, அதை டெட்டனஸ் தடுப்பூசிப் புரதத்தோடு இணைத்தார்கள். 1994இல் பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவும் வெளிவந்தது. அது ஒளித்து வைத்த வேலை இல்லை, ஆய்விதழில் அச்சான வேலை. விருப்பப்பட்டு வந்தவர்களுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்த அந்த மருந்துக்கும், தடுப்பூசி முகாம்களில் போடும் சாதாரண டெட்டனஸ் ஊசிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இரண்டு பெயர்களும் ஒரே வரியில் அச்சில் வந்துவிட்டன. வதந்திக்கு வேறென்ன வேண்டும்?

2014இல் கென்யாவில் அது மறுபடி வெடித்தது. 2013 அக்டோபர், 2014 மார்ச், 2014 அக்டோபர் என்று மூன்று சுற்றாக முகாம் நடந்தது. நாடெங்கும் மருத்துவமனைகள் நடத்தும் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர்களே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சில மாதிரிகளில் ஹெச்சிஜி இருந்ததாக ஆய்வக அறிக்கை காட்டினார்கள். மனித ரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்க வடிவமைத்த கருவியில் தடுப்பூசித் திரவத்தை ஊற்றினால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் விளக்கின. விளக்கம் சரிதான். ஆனால் ஆயர்கள் எழுப்பிய மற்ற கேள்விகள் ஆய்வகத்தில் தீர்பவை இல்லை. ஏன் பெண்களுக்கு மட்டும்? ஏன் பிள்ளை பெறும் வயதினருக்கு மட்டும்? ஆண்களுக்குக் காலில் ஆணி குத்தாதா? ஏன் சில மாவட்டங்களில் மட்டும்? சுகாதாரத் துறையிடம் ஒவ்வொன்றுக்கும் நியாயமான பதில் உண்டு: சிசுவைக் காப்பதுதான் நோக்கம், ஆபத்து அதிகமுள்ள மாவட்டங்களுக்கு முன்னுரிமை. ஆனால் அந்தப் பதில் முகாமுக்கு முன்பே, கேட்க வேண்டியவர்களின் காதில் விழுந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, சிசுவைக் காக்கும் திட்டமும் பிறப்பைத் தடுக்கும் திட்டமும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டும் தேடி வருவது ஒரே பெண்களை.

இந்தோனேசியா இதே பெண்களை வேறு வாசல் வழியாகச் சென்றடைந்தது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து, திருமணத்தைப் பதிவு செய்ய சமய விவகார அலுவலகத்துக்கு வரும் முஸ்லிம் மணப்பெண் டெட்டனஸ் ஊசி போட்டதற்கான சான்றைக் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. மணப்பெண் இன்னும் கர்ப்பமாகவில்லை, எனவே கலைந்துவிடும் என்ற பயம் இல்லை. கேட்பவர் ஊரறிந்த சமய அதிகாரி, எனவே மதத்துக்கு எதிரான சதி என்ற பேச்சுக்கும் இடமில்லை. கல்யாணக் காகிதங்களில் அதுவும் ஒன்று. சம்பிரதாயத்துக்குச் சான்று வாங்கியவர்கள் இருந்திருப்பார்கள்தான். என்றாலும் பல ஆயிரம் தீவுகள் கொண்ட அந்த நாடு 2016இல் இலக்கை எட்டியது. கென்யா முகாமில் சந்தேகத்தைக் கிளப்பிய அதே 'பெண்களுக்கு மட்டும்', இங்கே யாருக்கும் உறுத்தவில்லை.

மருந்துப் பெட்டியின் பக்கமும் குறை உண்டு. ஊசி மருந்து வருவது 10 பேருக்கான குப்பியில். ஒரே ஒரு கர்ப்பிணிக்காகக் குப்பியை உடைத்தால் மிச்சம் வீண் என்று நினைக்கும் செவிலியர், 'அடுத்த புதன்கிழமை வாம்மா' என்று அனுப்பிவிடுவார். ஏழு கிலோமீட்டர் நடந்து வந்தவள் அடுத்த புதன்கிழமை வருவாள் என்பதற்கு உத்தரவாதம் ஏது? திறந்த குப்பியை முறையாகக் குளிரில் வைத்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம் என்று விதியே இருக்கிறது. விதி தெரிந்த இடத்தில் ஊசி கிடைக்கும். குளிரிலும் ஒரு சூட்சுமம்: இந்த மருந்து உறைந்துபோகக் கூடாது. உறைந்ததோ என்ற சந்தேகம் வந்தால், அதைப் போன்ற ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, இரண்டையும் சேர்த்துக் குலுக்கிப் பக்கத்தில் வைத்து, அடியில் வண்டல் எவ்வளவு வேகமாகப் படிகிறது என்று பார்ப்பார்கள். குப்பிச் சிக்கலைத் தாண்ட, ஒரு தவணை மருந்து ஊசியோடு சேர்ந்தே அடைத்து வரும் யூனிஜெக்ட் என்ற சிறு பிளாஸ்டிக் குமிழும் வந்தது. மாலி போன்ற நாடுகளில் செவிலியர் அல்லாத உள்ளூர்க்காரர்களே அதைப் பயிற்சி பெற்றுப் போட்டார்கள்.

இலங்கை 1969லேயே கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசியைத் தொடங்கிவிட்டது. அங்கே ஊசியைப் பெண்ணிடம் கொண்டுசேர்ப்பவர் அவள் வீட்டுப் படியேறி வரும் மருத்துவ மாது. தமிழ்நாட்டில் அந்த இடம் கிராம சுகாதாரச் செவிலியருடையது. சுமார் 5,000 பேருக்கு ஒருவர், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒருவர். எந்த வீட்டு மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்பது சம்பந்திக்குத் தெரியும் முன்பே நர்ஸம்மாவுக்குத் தெரிந்திருக்கும். 'டிடி போட்டாச்சா, அட்டையக் கொண்டா' என்று அவர் கேட்கும் தொனியில் விழிப்புணர்வுப் பிரசாரம் எதுவும் இருக்காது. ஆனால் அடுத்த வாரமும் அவரே வருவார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அவரிடம்தான் போக வேண்டும். அந்தப் பழக்கமே நம்பிக்கை.

நம்முடைய வழக்கத்தில் ஒரு சிறு சிக்கல், முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போவது. புகுந்த வீட்டு ஊரில் ஒரு பதிவு, தாய்வீட்டு ஊரில் ஒரு பதிவு, நடுவில் இரண்டாவது ஊசி காணாமல் போகும். 2008இல் வந்த பிக்மி பதிவு முறை ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஓர் எண் கொடுத்து, எந்த ஊருக்குப் போனாலும் அந்த எண்ணே கூட வரும்படி செய்தது. பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும் என்று ஆனது. 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் பணத்தைத் தவணைகளாகப் பிரித்து, பதிவு, பரிசோதனை, தடுப்பூசி, அரசு மருத்துவமனைப் பிரசவம் ஆகியவற்றோடு முடிச்சுப் போட்டது. முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான் உதவி என்ற வரம்பு மட்டும் உறுத்துகிறது. மூன்றாவது நான்காவது பெறுபவர்கள் பெரும்பாலும் ஏழைகள், அவர்களுக்குத்தான் இந்த முடிச்சு அதிகம் தேவை.

இந்தியா முழுவதும் 2015இல் தேறியது. சாதாரணச் சாதனை இல்லை இது, ஒவ்வொரு மாவட்டமும் தேற வேண்டும் என்ற கண்டிப்பான தேர்வு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், கடைசிப் பிரசவத்தில் டெட்டனஸ் பாதுகாப்புப் பெற்ற தாய்மார்கள் 92 சதவீதம். அதே ஆய்வில் நாகாலாந்தில் மருத்துவ நிலையத்தில் நடந்த பிரசவம் 45.7 சதவீதம் மட்டுமே. மலைப்பாதையில் மருத்துவமனை எட்டாத அந்த மாநிலம் போன்ற இடங்களில், வீட்டுப் பிரசவத்திலும் கூடவே நிற்கும் ஒரே காவல் இந்த ஊசி. உலக அளவில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் சண்டை நடக்கும் நாடுகள்: ஆப்கானிஸ்தான், சோமாலியா, சூடான், ஏமன். 2024 வரையில் தேறாத பட்டியலில் பப்புவா நியூ கினியும் இருந்தது. மாப்ரிக் அந்த நாட்டில்தான் இருக்கிறது.

இத்தனை நாடுகளின் அனுபவத்தைப் படித்தபின் ஒன்று புரிகிறது. பயமும் தடையும் அதிகமாக இருக்கும் மாதங்கள் பார்த்து, முன்பின் தெரியாத ஒருவர் ஊசியை நீட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. தெரிந்த கை வேண்டும், இல்லையென்றால் கர்ப்பத்துக்கு முன்பே போட்டு முடித்துவிட வேண்டும். இரண்டாவது வழி இந்தியாவின் தடுப்பூசி அட்டவணையிலேயே இருக்கிறது. 10 வயதிலும் 16 வயதிலும் டெட்டனஸ்-டிப்தீரியா ஊசி, ஆண் பெண் இருபாலருக்கும், அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். கைக்குழந்தைத் தடுப்பூசிகளுக்குத் தேதி தவறாமல் ஓடும் பெற்றோர் பலர் இந்த இரண்டையும் மறந்துவிடுகிறார்கள். வீட்டில் பத்தாம் வகுப்போ பதினொன்றாம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருந்தால், இந்த வாரம் அந்தப் பழைய தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். 16 வயதுக் கட்டம் காலியாக இருந்தால், அடுத்த புதன்கிழமை துணை சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.